தலைகுந்தாவில் புல் வளர்த்தது

செப்டம்பர் 9, திங்கள்

வீட்டு முன்புறம் மூன்று சென்ட் மண் கொத்தி முடிந்தது. கிழங்குக்கு என்றால் இதை முதல் தரம் என்று சொல்லிவிடுவேன். புல்லுக்கு எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டுதான் மேட்டுப்பாளையத்தில் முப்பத்தெட்டு வருடம் உருளைக்கிழங்கு மண்டி நடத்தினேன். தெரிந்த ஆளைப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

பிடித்த ஆளின் பெயர் மார்த்தா. ஐம்பது வயது இருக்கும். ஊட்டியில் மூன்று ஓட்டல்களின் புல்தரை அவள் பொறுப்பில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டுப் புளித்த மண் என்றாள், சுண்ணாம்பு கேட்டாள். போட்டோம்.

மண்டியைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஜூன் மாதம் இங்கே குடிவந்தோம். என் மனைவி தெய்வானைக்கு மேட்டுப்பாளையம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அவளாக அப்படிச் சொன்ன நினைவில்லை. எனக்கே தெரிந்தது. வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். வாசலில் ஒரு பச்சை இருந்தால் வெளியே வந்து உட்காருவாள்.

செப்டம்பர் 13

விதைத்தாயிற்று. கிகுயு புல் போட்டால் பாடே இல்லை, குச்சியை நட்டாலே ஓடும், ஆனால் டிசம்பரில் வைக்கோலாகிவிடும் என்று மார்த்தா சொன்னாள். அதனால் குளிருக்கு நிற்கும் ரை புல்லும் ஃபெஸ்க்யூவும். விதையை மணலோடு கலந்து நெடுக்கே ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வீசினாள். மேலாக வாரிவிட்டு, உருளை ஓட்டினோம். தூறல் சரியாக வந்து சேர்ந்தது.

செப்டம்பர் 21, சனி

முளைத்துவிட்டது. நின்று பார்த்தால் மண்தான் தெரிகிறது. குனிந்து தரையோடு தரையாகப் பார்த்தால் பச்சைப் புகை.

ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். புல்லின் மேல் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. மண்டியில் கொட்டிக் கிடக்கும் சரக்கின் மேல் நான் யாரையும் செருப்புக் காலோடு ஏற விட்டதில்லை. லாரிக்காரனானாலும் சரி, பெரிய வியாபாரியானாலும் சரி, கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். விளைந்தது எதுவானாலும் அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஓரத்தில் ஒரு பலகையும் போட்டுவிட்டேன், செருப்பு வைக்க. தபால்காரர் சிரித்துக்கொண்டே கழற்றினார். மார்த்தா மட்டும் மறுத்துவிட்டாள். "எனக்குக் கால்ல ஆணி ஐயா. பூட்ஸைக் கழட்டச் சொன்னா வேற ஆளப் பாத்துக்குங்க." நல்ல வேலைக்காரிக்கு ஒரு சலுகை கொடுக்கலாம்.

அக்டோபர் 11

முதல் வெட்டு. மூன்று விரற்கடை உயரம் வந்திருந்தது. மார்த்தா வரும்வரை பொறுக்க முடியாமல் நானே மெஷினைத் தள்ளினேன். அழகாக இருக்கட்டும் என்று ஒட்ட வெட்டினேன். அவள் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முடி வெட்டச் சொன்னா மொட்டை அடிச்சிருக்கீங்க. வேண்டுதலா ஐயா?"

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாதாம். மேலே இருக்கும் பச்சைதான் கீழே வேருக்குச் சாப்பாடு போடுகிறதாம். தெய்வானை ஜன்னலுக்குள்ளிருந்து சிரித்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 19

ஊட்டி மார்க்கெட் போனோம். கிழங்குக் கடையில் ஒரு மூட்டையில் கையை விட்டு, மூன்று அழுகலை எடுத்துக் கடைக்காரன் முன்னால் வைத்தேன். அசந்துவிட்டான். கட்டைவிரல் பட்டால் எனக்குத் தெரிந்துவிடும். கண் வேண்டாம்.

திரும்பும்போது தெய்வானையின் இடது காலில் செருப்பைக் காணோம். எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நூறடிக்கு மேல் வந்திருக்கிறாள். கவனம் எங்கே இருக்கிறது என்று கடிந்துகொண்டேன். தேடிப் போனால் மீன் கடை வாசலில் கிடந்தது.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு மகள் சுகந்தி ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து, இன்று கிளம்பினாள். புல்லைப் பார்த்து மாப்பிள்ளைக்கு வாய் ஓயவில்லை. சுகந்தி புல்லைப் பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தைச் செருப்பு வாங்கி வந்திருந்தாள். அது ஓரத்துப் பலகையில் கிடப்பதைப் பார்த்ததும் என்னிடம் வந்தாள். சர்க்கரை இருப்பவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று நின்றாள். எந்த மெத்தையும் இந்தப் புல்லுக்கு ஈடாகாது, புல்லில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்றேன். அம்மா நடக்கும் விதமே மாறியிருக்கிறது என்றாள். அறுபத்திரண்டு வயதில் யார் துள்ளி நடக்கிறார்கள்?

"உடு கண்ணு," என்றாள் தெய்வானை. "எனக்குப் பழகிருச்சு."

அவளே சொன்ன பிறகு பேச்சு முடிந்தது.

நவம்பர் 20

வேலி ஓரமாகப் பக்கத்து வீட்டுக் கிகுயு உள்ளே வருகிறது. கொடியை மேலே பிய்த்தால் இரண்டாகப் பிரிந்து ஓடும். விரலை மண்ணுக்குள் விட்டுக் கணுவோடு எடுக்க வேண்டும். காலை முழுவதும் அதுதான் வேலை.

கணப்புச் சட்டி அருகே உட்கார்ந்திருந்த தெய்வானையின் கம்பளிக் காலுறை கருகிப்போயிற்று. வாசம் எனக்குத் தோட்டத்துக்கு வந்தது. பக்கத்திலேயே இருந்தவளுக்கு வரவில்லை போலும். தூங்கிவிட்டேன் என்றாள்.

டிசம்பர் 7

நீர்ப்பனி ஆரம்பம். காலையில் புல் நனைந்து கிடக்கிறது. இனி வெட்டு வேண்டாம், உயரமாகவே குளிரைத் தாண்டட்டும் என்று மார்த்தா மெஷினை எண்ணெய் போட்டு மூடிவிட்டாள்.

டிசம்பர் 18, புதன்

முதல் உறைபனி. கதவைத் திறந்தால் மூன்று சென்ட்டும் வெள்ளை. உப்பு கொட்டிய மாதிரி. வெயில் ஏறும்வரை யாரும் புல்லில் இறங்கக் கூடாது என்று மார்த்தா நேற்றே சொல்லிவிட்டுப் போனாள். "உறைஞ்ச புல்லு கண்ணாடி மாதிரி ஐயா. மிதிச்சா உள்ளுக்குள்ள உடைஞ்சிரும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள்ல காலச்சு அப்படியே கருகி நிக்கும்."

தெய்வானையிடமும் சொன்னேன். தலையாட்டினாள்.

டிசம்பர் 27, வெள்ளி

கருகி நிற்கிறது. வீட்டுப் படியிலிருந்து நடுப்புல் வரைக்கும் காலச்சு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மார்த்தா வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நீயே மிதித்தாயா என்றேன். அவள் அச்சுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்தாள்.

"நான் பூட்ஸ் போட்டவ ஐயா. இது வெறுங்கால். உங்க சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க யாரோ."

உட்கார்ந்து பார்த்தேன். வலது கால் அச்சு சுத்தமாக இருந்தது. குதிகால், பாதம், ஐந்து விரல். இடது காலில் குதிகால் இருந்தது, வெளி ஓரம் இருந்தது, விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இழுப்பு. கோடு மாதிரி. மார்த்தாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 28

காப்பி குடிக்கும்போது தெய்வானையிடம் கேட்டேன். காட்டுப் பன்னியா இருக்குமுங்க என்றாள். பன்றிக்கு விரல் கிடையாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பாத்தி ஓரம் வெட்டும் வேலை இருந்தது.

ஜனவரி 2, வியாழன்

புது அச்சுகள். ஒரே தடத்தில் போய் ஒரே தடத்தில் வந்திருக்கிறது. நடுப்புல்லில் மட்டும் இரண்டு காலும் சேர்ந்தாற்போல் நின்ற அச்சு. மற்றவற்றைவிட அதுதான் அதிகம் கருகியிருக்கிறது. அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும்.

ஜனவரி 4, சனி

எழுத உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிகிற நேரம் ஜன்னல் அருகே நின்றேன். தெய்வானை கம்பளிச் சட்டையும் மப்ளருமாகப் படி இறங்கினாள். பலகை அருகே நின்று செருப்பைக் கழற்றினாள். ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். வெள்ளையின் மேல் நடந்து நடுவுக்குப் போய் நின்றாள். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. எவ்வளவு வரைக்கும் எண்ணினாளோ.

கதவைத் திறந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"அங்கியே நில்லுங்க. பனி மேல கால் வெக்காதீங்க, புல்லு கருகிரும்."

நான் செருப்போடு போனேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். இடது சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதற்குப் பக்கத்து விரலுக்கு அடியில் பிளவு. பிளவுக்குள் ஒரு காய்ந்த புல் இதழ் செருகிக்கொண்டிருந்தது. இழுத்தேன். முழு நீளத்துக்கு வந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தாள்.

"அது எப்பத்திலிருந்துங்க இருக்குது?" என்று என்னைக் கேட்டாள்.

பத்து மணிக்குக் கோயம்புத்தூருக்கு வண்டி எடுத்தோம்.

ஜனவரி 6, திங்கள்

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சர்க்கரையில் நரம்பு செத்து ரொம்ப நாளாகிறது, இரத்த ஓட்டமும் குறைவு, அதன் மேல் தினமும் பனிக்கட்டியில் நின்றால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா கேட்டார். எத்தனை நாளாக மரத்திருக்கிறது என்று தெய்வானையைக் கேட்டார். இரண்டு வருடம் என்றாள். பிறகு டாக்டரம்மா என்னைப் பார்த்து, வீட்டில் இவர் காலை யார் பார்ப்பது என்றார். பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. தினமும் ஒருவர் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். யாரும் பார்ப்பதில்லை என்றேன்.

சுகந்தி வந்துவிட்டாள். என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

ஜனவரி 9, வியாழன்

சுகந்தி சாப்பிடப் போயிருந்தாள். பனியில் எதற்காகப் போய் நின்றாய் என்று கேட்டேன். சொன்னாள். முதலில் வெந்நீரில் காலை வைத்துப் பார்த்தாளாம். பிறகு கணப்பில். ஒன்றும் தெரியவில்லை. உறைபனி விழுந்ததும், இதாவது சுருக்கென்று ஏறாதா என்று ஒரு ஆசை. "ஒரு நாளைக்கி இல்லாட்டி ஒரு நாளைக்கித் தெரியும்னு பாத்தனுங்க. நூறு எண்ணுவேன். அப்பறம் இருநூறு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். திட்டுவேன் என்று பயமா, ஊரை விட்டுக் கூட்டிப்போய்விடுவேன் என்று பயமா? அவள் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாக என்னிடம் பேசியதில்லை.

"கல்யாணமான புதுசுல உங்களுக்குச் சோறு கொண்டாந்து மண்டியில உக்காந்திருப்பனுங்க. நீங்க கெழங்கு பொறுக்கறதப் பாப்பேன். ஒரு கெழங்கு மெத்துன்னு இருந்தாப் போதும், தூக்கி மூலைல கடாசிருவீங்க. அந்தக் கை ஒரு நொடி நிக்காதுங்க. பேசிட்டே கடாசுவீங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டீங்க. கால் மரத்துப்போச்சுன்னு தெரிஞ்சதும் எனக்கு அதுதானுங்க ஞாபகம் வந்துது."

நர்ஸ் வந்து கட்டு மாற்றும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்று சொல்லலாம். அது பொய்யில்லை. நான் அப்படித்தான் பொறுக்கினேன். அதனால்தான் என் சரக்குக்குப் பெயர் இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வார்டில் எல்லோருக்கும் கரண்டி கரண்டியாகச் சர்க்கரையில்லாத பொங்கல். புண்ணில் சீழ் நிற்கவில்லை. இந்த மருந்துக்கும் கேட்கவில்லையென்றால் கணுக்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும், மூன்று நாள் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

மார்த்தா போன் செய்தாள். பனி கடுமையாம். பனி தாக்காமல் இருக்க நடுப்புல்லின் மேல் மிலார், அதாவது காய்ந்த சுள்ளிக் கிளைகள், பரப்பி வைத்திருக்கிறாளாம். புல்லைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவளே, "அதுக்காகக் கூப்பிடல. அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

ஜனவரி 17

கேட்டுவிட்டது. சீழ் நின்றது.

ஜனவரி 27, திங்கள்

வீடு வந்து சேர்ந்தோம். மேட்டுப்பாளையத்திலேயே இருந்துவிடலாமா என்று வழியில் கேட்டேன். முதல் தடவையாகக் கேட்டேன். வேண்டாம், மேலேயே போகலாம் என்றாள். காரணம் சொல்லவில்லை. நானும் எனக்கே தெரிந்ததாக நினைத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா கிளம்பும்போது சொன்னதை இங்கே குறித்துவைக்கிறேன். இரண்டு பாதமும் தினம் ஒரு தடவை, நல்ல வெளிச்சத்தில். குதிகால், விரலிடுக்கு, ஓரம். சிவப்பு இருந்தால் அமுக்கிப் பார்க்க வேண்டும்; மறையாவிட்டால் தாமதிக்காமல் வர வேண்டும். வலி அவளுக்குச் சொல்லாது; கண்தான் சொல்ல வேண்டும். அடுத்த புண்ணை ஒரு வாரம் விட்டுவிட்டால் முழங்கால்வரை போகும்.

ஜனவரி 28

பார்க்க விடமாட்டேன் என்கிறாள். புருஷன் கையில் காலைக் கொடுப்பது பாவமாம். கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சொன்னாள். பக்கத்தில் இருக்கும் காலண்டர் தேதியே அவள் கண்ணுக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மார்த்தாவிடம் காட்டுகிறாள். இருவரும் உள்ளறையில் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். மார்த்தா வெளியே வந்து, சுத்தமா இருக்கு ஐயா என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் வருவது வாரத்தில் இரண்டு நாள். மீதி ஐந்து நாள்? தினமும் வரச் சொன்னேன். ஓட்டல் வேலையை யார் பார்ப்பார்கள் என்றாள். "நீங்க வீட்டுலதான இருக்கீங்க" என்று சேர்த்துச் சொன்னாள்.

பாவம் என்பது அவள் சொல்லும் காரணம். என் கையைப் பார்த்து வரும் பயம் என்பது நிஜக் காரணம். அது எனக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 11

இன்று சொன்னேன். சாப்பிட்டு முடித்துத் தட்டு எடுக்குமுன். இதை எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாக யோசித்து, கடைசியில் யோசித்த மாதிரி எதுவும் வரவில்லை.

"நீ ஆஸ்பத்திரியில சொன்னது நெசம், புள்ள. இந்தக் கைக்குப் பொறுக்கத்தான் தெரியும். வேற வேலை பழகல. நீ குடுத்தாப் பழகிக்கும்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

பிப்ரவரி 12

இல்லை.

பிப்ரவரி 13

இல்லை.

பிப்ரவரி 19

இல்லை. மிலாரை எடுத்துவிட்டோம். அடியில் புல் வெளுத்துக் கிடக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

உறைபனி நின்று பத்து நாளாகிறது. கருகின அச்சுகளை மார்த்தா முள்வாரியால் கீறி, விதை தூவி, மேலே சலித்த மண் போட்டாள். இரண்டு விரல் ஆழத்துக்கு வேர் நன்றாக இருக்கிறது, மேலேதான் போயிருக்கிறது என்று ஒரு கட்டியைப் பெயர்த்துக் காட்டினாள். தெய்வானை புதுச் செருப்போடு புல் வரைக்கும் வந்து அதைப் பார்த்தாள். அவளுக்கென்று அளவெடுத்துச் செய்தது அந்தச் செருப்பு, முன்பக்கம் மூடியிருக்கும். ஓரத்தில் தயங்கி நின்றாள். ஏறு என்றேன். பலகையை நேற்றே விறகுக்கு உடைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பதினோரு மணிக்கு நல்ல வெயில். வீட்டுக்குள் இந்த வெளிச்சம் வராது. நான் வேலி ஓரம் தரையில் உட்கார்ந்து கிகுயு எடுத்துக்கொண்டிருந்தேன். தெய்வானை பிரம்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் கொடி எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், மார்த்தா வெள்ளிக்கிழமை வரவில்லையே என்றாள். அவளுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், ஒரு வாரம் வரமாட்டாள் என்றேன்.

"அப்பக் கையக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகத்திடுக்கில் மண் போகவில்லை. மறுபடி கழுவினேன். வந்து உட்கார்ந்தேன். அவள் வலது காலை நீட்டினாள். செருப்பைக் கழற்றினேன். காலுறையை உருட்டி எடுத்தேன். முப்பத்தெட்டு வருடம் கூடவே வாழ்ந்தவளின் பாதத்தை, அவளாகக் கொடுத்து, இன்றுதான் கையில் பிடித்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுத்தம். ஓரம் சுத்தம். குதிகாலுக்கு வந்ததும் என் கட்டைவிரல் நின்றுவிட்டது.

ஒரு சிவப்பு. அரிசி அளவு.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இன்றைக்குத்தான் கொடுத்திருக்கிறாள். இதைச் சொன்னால் மறுபடி மூடிக்கொள்வாள்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"குதிகால்ல ஒரு செவப்பு இருக்குது."

"எத்தச்சோடு?"

"அரிசி அளவு."

"அமுக்கிப் பாருங்க. மறையுதா?"

அமுக்கினேன். விட்டேன். "மறையல."

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் மலையைப் பார்த்தாள்.

"செரி. நாளைக்கி வெள்ளெனக் கெளம்பி டாக்டர்கிட்டப் போலாமுங்க," என்றாள்.

உறையை மாட்டப் போனேன். இருங்க என்றாள். பிறகு இடது காலின் செருப்பைத் தானே குனிந்து கழற்றி, அந்தக் காலை எடுத்து என் மடியில் வைத்தாள்.